மெதுவாகப் போகிற காரில் என்ன ஆபத்து?

போன வருஷம் ஜூலை 4 அன்று என் மகள் ஒரு காரிலிருந்து விழப் பார்த்தாள். அப்போது அந்தக் கார் போன வேகம், நாம் காலையில் பால் வாங்கக் கடைக்கு நடக்கிற வேகத்தைவிடக் குறைவு.

நாங்கள் இருப்பது நியூஜெர்சியில் ஒரு சின்ன ஊர். அமெரிக்கச் சுதந்திர தினத்தன்று ஊரின் மெயின் ரோட்டில் ஊர்வலம் நடக்கும். தீயணைப்பு வண்டிகள், பள்ளிக்கூட பேண்டு, பழைய ராணுவ வீரர்கள், சாரணர்கள், நடுவில் எங்கள் தமிழ்ப் பள்ளிக் குழந்தைகள். நண்பர் ஒருவர் தன் கன்வெர்ட்டிபிள் காரைக் கொடுத்தார், அவரே ஓட்டினார். கூரையை மடக்கிவிட்டு, பின் சீட்டுக்கு மேலே, டிக்கி தொடங்குகிற அந்தத் தட்டையான இடத்தில் மூன்று குழந்தைகளை உட்கார வைத்தோம். ஊர்வலத்தில் எல்லாரும் அப்படித்தான் உட்காருகிறார்கள். மேயரும் அப்படித்தான் உட்கார்ந்தார். எங்களுக்கும் தப்பாகத் தோன்றவில்லை.

பாதி வழியில் முன்னால் போன பேண்டு நின்று ஒரு பாட்டு வாசித்தது. பிறகு கிளம்பியது. எங்கள் காருக்கு முன்னால் பெரிய இடைவெளி. மஞ்சள் சட்டைத் தொண்டர் ஒருவர் "வாங்க, வாங்க, சீக்கிரம்" என்று கையைச் சுழற்றினார். நண்பர் ஆக்சிலரேட்டரைத் தொட்டார். தொட்டார், அவ்வளவுதான். கார் ஒரு துள்ளு துள்ளியது. ஓரத்தில் பட்டுப்பாவாடையோடு உட்கார்ந்து இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்த என் மகள் பின்பக்கமாகச் சரிந்து, டிக்கி மேல் வழுக்கிக்கொண்டு போனாள். காருக்குப் பின்னால் பேனர் பிடித்து நடந்து வந்த ஒரு அப்பா பேனரைப் போட்டுவிட்டு அவளைத் தாங்கிப் பிடித்தார்.

ஒன்றும் ஆகவில்லை. "நான் விழலப்பா, வழுக்கிட்டேன்" என்று சிரித்தாள். அவளுக்கு ஒன்பது வயது, அவள் சிரிக்கலாம். எனக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. நாலு கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டியில் இது எப்படி நடந்தது? தொழில் புத்தி. எதுவாவது உடைந்தால் ஏன் உடைந்தது என்று பார்க்காமல் விட முடியாது.

இந்த வருஷம் "நீங்களே ஓட்டுங்களேன்" என்று கேட்டார்கள். எங்கள் பள்ளியைத் தொடங்கி இருபது வருஷம் நடத்திய ஆசிரியருக்கு 78 வயது. அவரை இந்த முறை காரில் உட்கார வைத்து மரியாதை செய்ய வேண்டும் என்று ஆசை. கூடவே இரண்டு குழந்தைகள். சரி என்று சொல்வதற்கு முன்னால் உட்கார்ந்து கொஞ்சம் படித்தேன், கொஞ்சம் கணக்குப் போட்டேன். அந்தக் குறிப்புகள்தான் இவை.

கொலை முயற்சி பற்றிய பதிவு அல்ல இது

திறந்த கார், ஊர்வலம் என்றாலே எல்லாருக்கும் 1963 டல்லாஸ் நினைவுக்கு வரும். கொஞ்சம் சரித்திரம் படித்தவர்களுக்கு 1914 சரயேவோ. 1933 பிப்ரவரியில் மியாமியில் ரூஸ்வெல்ட் திறந்த காரின் பின் சீட்டு முதுகின் மேல் உட்கார்ந்து பேசிவிட்டு, இறங்கிச் சீட்டில் அமர்ந்த கொஞ்ச நேரத்தில் அவரை நோக்கிச் சுட்டார்கள். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. பக்கத்தில் நின்ற சிகாகோ மேயர் செர்மாக் குண்டடி பட்டு, அடுத்த மாதம் இறந்தார்.

இதெல்லாம் பாதுகாவலர்கள் பார்க்கிற விஷயம். எங்கள் ஊர் மேயரையோ தமிழ் வாத்தியாரையோ யாரும் சுடப் போவதில்லை. நமக்கு வரக்கூடிய ஆபத்து வேறு: விழுவது, மோதுவது, சக்கரத்தில் மாட்டுவது. இதைப் பற்றி யாரும் படம் எடுப்பதில்லை, புத்தகம் எழுதுவதில்லை. ஆனால் சாதாரண ஊர்வலங்களில் நடப்பது இதுதான்.

வேகம் அல்ல, உயரம்

நாம் எல்லாரும் செய்கிற முதல் தப்பு காரின் வேகத்தைப் பார்ப்பது. "மெதுவாத்தானே போகுது" என்கிறோம். பார்க்க வேண்டியது உயரத்தை.

ஒரு கன்வெர்ட்டிபிளின் டிக்கி மேல்பரப்பு தரையிலிருந்து ஏறக்குறைய 1 மீட்டர். அதன் மேல் ஒரு பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தால் அவர் தலை சுமார் 1.8 மீட்டர் உயரத்தில் இருக்கும். அங்கிருந்து ஒரு பொருள் தார் ரோட்டில் விழுந்தால் என்ன வேகத்தில் மோதும்? பிளஸ் டூ இயற்பியல்தான்: இரண்டு பெருக்கல் 9.8 பெருக்கல் 1.8, அதற்கு வர்க்கமூலம். விநாடிக்கு 5.9 மீட்டர். மணிக்கு 21 கிலோமீட்டர்.

இதில் காரின் வேகம் எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். நின்றுகொண்டிருக்கிற காரிலிருந்து பின்பக்கமாக விழுந்தாலும் தலை 21 கி.மீ. வேகத்தில்தான் தரையைத் தொடும். கார் மணிக்கு 4 கி.மீ.யில் போனாலும் சரி, 8 கி.மீ.யில் போனாலும் சரி, இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. ஹெல்மெட் இல்லாமல், பின்மண்டை முதலில் பட, தார் ரோட்டில். 78 வயதுக்காரருக்கு இது என்ன ஆகும் என்று டாக்டரிடம் கேட்க வேண்டியதில்லை.

ஆகவே "மெதுவாக ஓட்டுங்கள்" என்கிற ஒற்றை அறிவுரை பாதி அறிவுரைதான். விழுந்தால் எவ்வளவு அடிபடும் என்பதை உயரம் தீர்மானிக்கிறது. விழுவாரா மாட்டாரா என்பதைத் தீர்மானிப்பது வேகம் மாறும் விதம். இனி அதைப் பார்க்கலாம்.

புறப்படுகிற நொடி

பஸ்ஸில் நின்று பயணம் செய்த யாருக்கும் தெரியும்: பிரேக் போட்டால் முன்னால் சாய்வோம், கிளப்பினால் பின்னால் சாய்வோம். பின் சீட்டுக்கு மேலே உட்கார்ந்திருப்பவருக்கு முன்னால் சாய்வது அவ்வளவு மோசமில்லை. கீழே சீட்டு இருக்கிறது, அதற்கு முன்னால் முன் சீட்டின் முதுகு இருக்கிறது. பின்னால் சாய்ந்தால்? முதுகுக்கு ஆதரவே கிடையாது. வழவழவென்று பாலிஷ் போட்ட டிக்கி, அதற்கப்புறம் ரோடு. அதாவது இந்த இருக்கையில் பிரேக்கைவிட ஆக்சிலரேட்டர்தான் ஆபத்து. எனக்கு இது புதிதாக இருந்தது. நான் அதுவரை பிரேக்கைப் பற்றி மட்டும்தான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

எவ்வளவு முடுக்கம் வந்தால் ஒருவர் பின்னால் சாய்வார்? தோராயமாகப் பார்க்கலாம். உட்கார்ந்திருப்பவரின் உடல் எடையின் மையம் இருக்கைக்கு மேலே சுமார் 25 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அந்த மையத்துக்கு நேர் கீழிருந்து, உட்காரும் இடத்தின் பின்விளிம்பு சுமார் 10 செ.மீ. தள்ளி. பத்தை இருபத்தைந்தால் வகுத்தால் 0.4. அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.4 பங்கு வந்தாலே, எதையும் பிடிக்காமல் உட்கார்ந்திருப்பவர் மல்லாந்து போவார். கையை உயர்த்தி ஆட்டிக்கொண்டு கொஞ்சம் பின்னால் சாய்ந்திருந்தால் இன்னும் குறைவாகவே போதும்.

0.4 என்பது பெரிய எண்ணா? நின்ற இடத்திலிருந்து 4 விநாடியில் 100 கி.மீ. வேகத்தைத் தொடுகிற காரின் சராசரி முடுக்கம் 0.7. பத்து விநாடி எடுக்கிற சாதாரணக் காருக்குச் சராசரி 0.28, கிளம்புகிற கணத்தில் அதைவிடக் கூடுதல். எனவே இன்றைய கார்களில் பலவற்றால் இதை அசால்ட்டாகச் செய்ய முடியும். முழுக்க மிதிக்கக்கூட வேண்டாம்.

சாய்வதற்கு முன்னாலேயே வழுக்கலாம். மெழுகு போட்டுத் துடைத்த பெயின்ட், மேலே பட்டுத்துணி. இந்த இரண்டுக்கும் நடுவே பிடிப்பு மிகக் குறைவு. ஊர்வலத்துக்கென்று காரைப் பளபளப்பாக்குகிறோம், ஊர்வலத்துக்கென்று பட்டு உடுத்துகிறோம். இரண்டும் சேர்ந்து சறுக்குமரம் ஆகிவிடுகிறது.

குழந்தைகளுக்கு இன்னொரு பிரச்சினை. பெரியவர்கள் அங்கே உட்கார்ந்தால் பாதம் கீழே சீட்டில் ஊன்றும். வண்டி குலுங்கினால் தன்னையறியாமல் காலை அழுத்திச் சமாளிப்பார்கள். ஒன்பது வயதுக் குழந்தைக்குக் கால் சீட்டை எட்டாது, எட்டினாலும் நுனிவிரல்தான் படும். பிடிக்கக் கைப்பிடி இல்லை, ஊன்றக் கால் இல்லை. "குழந்தைங்க லேசா இருப்பாங்க, மேல உட்காரட்டும்" என்று நாம் செய்வது நேர் எதிரான முடிவு.

கென்னடி காரில் இருந்தவை

பாதுகாப்பு பற்றிய பதிவு அல்ல என்று சொன்னேன். ஆனாலும் கென்னடியின் காரை விட முடியவில்லை, ஏனென்றால் ஊர்வலத்துக்கென்றே யோசித்துக் கட்டிய கார் அது. 1961ஆம் வருஷத்து லிங்கன் கான்டினென்டல். சின்சினாட்டியில் இருந்த ஹெஸ் அண்டு ஐசன்ஹார்ட் என்ற பட்டறையில் அதை வெட்டி, மூன்று அடிக்கு மேல் நீட்டினார்கள். ஜனங்களுக்கு ஜனாதிபதி தெரிய வேண்டும் என்பதுதான் அவர்களுக்கும் இருந்த பிரச்சினை, நமக்கு இருக்கிற அதே பிரச்சினை.

அவர்கள் கண்ட தீர்வு என்ன? அவரை டிக்கி மேல் உட்கார வைக்கவில்லை. பின் சீட்டையே ஹைட்ராலிக்கில் சுமார் 10 அங்குலம் வரை உயர்த்துகிற மாதிரி செய்தார்கள். சீட்டு உயர்ந்தாலும் அது சீட்டுதான், முதுகுக்கு ஆதரவு இருக்கிறது. நின்று கையசைக்க வேண்டி வந்தால் பிடிப்பதற்கு, முன் சீட்டுக்குப் பின்னால் நான்கு கைப்பிடிகளோடு ஓர் உலோகச் சட்டம். பின்பக்கம் இரண்டு புறமும் காவலர் நிற்க ஒரு சின்னப் படி, அவர் பிடிக்க ஒரு கைப்பிடி. நிற்கிற, உட்காருகிற ஒவ்வொருவருக்கும் பிடிக்க ஏதோ ஒன்று.

அப்படியிருந்தும் புறப்படுகிற நொடி என்ன செய்யும் என்பதற்கு அதே காரில் ஒரு சாட்சியம் உண்டு. துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் பின்னால் வந்த காரிலிருந்து குதித்து ஓடிவந்த காவலர் கிளின்ட் ஹில், டிக்கி கைப்பிடியைப் பிடித்து, படியில் காலை வைத்தார். அந்தச் சமயம் கார் வேகமெடுத்தது. அவர் கால் நழுவியது. கைப்பிடியை விடாததால் மறுபடி ஏறினார். பயிற்சி பெற்ற, திடகாத்திரமான ஓர் ஆளுக்கே கைப்பிடிதான் காப்பாற்றியது. அந்தக் காரைப் பிற்பாடு நிரந்தரக் கூரை போட்டு மாற்றினார்கள். இப்போது டியர்பார்னில் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பிரேக்: 34 சென்டிமீட்டர்

பிரேக் ஆபத்தே இல்லை என்று சொல்லவில்லை. 2017 செப்டம்பரில் கொலம்பியாவின் கார்த்தஹேனாவில் போப் பிரான்சிஸ் தன் திறந்த வண்டியில் நின்றபடி ஜனங்களைப் பார்த்துக்கொண்டு போனார். வண்டி திடீரென்று நிற்க, முகம் மோதியது. புருவத்துக்கு மேலே வெட்டு, கன்னத்தில் வீக்கம். வெள்ளை அங்கியில் ரத்தத் துளியோடு அன்றைய நிகழ்ச்சிகளைத் தொடர்ந்தார். உலகத்திலேயே அதிகமாக ஊர்வலம் போகிற ஒருவருக்கு, அதற்கென்றே பழகிய ஆட்கள் சுற்றி நிற்க, இது நடந்தது.

நான் போட்டுப் பார்த்த கணக்கு ஒன்றைச் சொல்கிறேன். மணிக்கு 5 கி.மீ. என்பது விநாடிக்கு 1.39 மீட்டர். பதறிப்போய் முழு பிரேக் அடித்தால் கார் 14 செ.மீ.யில் நிற்கும். பயணிகள் குலுங்காதபடி பதமாகப் பிடித்தால் 48 செ.மீ. ஆகும். வித்தியாசம் 34 செ.மீ. ஒரு ஸ்கேல் நீளத்துக்குக் கொஞ்சம் மேலே. இந்த 34 செ.மீ.யை மிச்சம் பிடிக்கத்தான் பின்னால் இருப்பவர்களைத் தூக்கி எறிகிறோம்.

உண்மையில் தூரத்தைத் தின்பது ஓட்டுநரின் தாமதம். கண் பார்த்து, மனசு வாங்கி, கால் ஆக்சிலரேட்டரிலிருந்து பிரேக்குக்குப் போக ஒன்றரை விநாடி ஆனால், அதற்குள் கார் 2 மீட்டருக்கு மேல் போய்விடும். கால் ஏற்கெனவே பிரேக் மேல் இருந்தால் இதில் கொஞ்சம் மிச்சம். எனவே முன்னால் நல்ல இடைவெளி, பிரேக் மேலேயே கால். இந்த இரண்டும் இருந்தால் முழு பிரேக் அடிக்க வேண்டிய அவசியமே பெரும்பாலும் வராது.

அந்த இடைவெளியைப் பற்றி

போன வருஷம் எங்களைத் தள்ளிவிட்டது அந்த இடைவெளிதான். ஊர்வலத்தில் இடைவெளி விழுந்தால் எல்லாருக்கும் பதற்றம். தொண்டர்கள் கையைச் சுழற்றுவார்கள், ஓட்டுநருக்கு வெட்கமாக இருக்கும். நெரிசலில் வண்டிகள் அக்கார்டியன் மாதிரி விரிந்து சுருங்குவதை எல்லாரும் பார்த்திருப்போம், அதேதான் இதுவும். முன்னால் ஒருவர் நிற்பது பின்னால் போகப் போக அலையாகப் பரவும்.

சரி, அதைப் பிடிக்க எவ்வளவு நேரம் வேண்டும்? முன்னால் இருப்பவர் 4 கி.மீ.யில் நடக்கிறார். இடைவெளி 40 மீட்டர். நான் 6 கி.மீ.யில், அதாவது வேகமாக நடக்கிறவரின் வேகத்தில், போகிறேன். வித்தியாசம் விநாடிக்கு 0.56 மீட்டர். 40 மீட்டரைப் பிடிக்க 72 விநாடி.

72 விநாடி! ஒன்றேகால் நிமிஷம்கூட இல்லை. அதை நாலு விநாடியில் முடிக்கப் பார்த்ததில்தான் என் மகள் டிக்கியில் சறுக்கினாள். தொண்டர் அவசரப்படுத்தினால் சிரித்துக் கையசைத்துவிட்டு அதே வேகத்தில் போகலாம். இடைவெளி தானாக மூடிக்கொள்ளும்.

காரைப் பற்றிச் சில குறிப்புகள்

டிக்கி மேல் உட்காருகிற பழக்கம் பெரிய, அகலமான பழைய அமெரிக்க கன்வெர்ட்டிபிள்களின் காலத்தில் வேரூன்றியது. நடுவில் அந்த இனமே அருகிப்போனது. 1976இல் காடிலாக் எல்டொராடோவைக் கடைசி அமெரிக்க கன்வெர்ட்டிபிள் என்று சொல்லியே விற்றார்கள். பிறகு 1982இல் கிரைஸ்லர் லீபாரன் மூலம் திரும்பி வந்தது. இன்றைய கார்களில் பின் சீட்டுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் மடங்கும் கூரையை மூடுகிற ஒரு மெல்லிய மூடி. அது ஆள் உட்காருவதற்குச் செய்ததல்ல. நெளியும், கூரை பிறகு மூடாது.

ஆட்டோமேட்டிக் கியர் கார் என்றால், டிரைவில் போட்டுப் பிரேக்கை விட்டாலே சமதரையில் அதுவாக ஊர்ந்து போகும். ஊர்வலத்துக்கு அந்த வேகமே போதும், பல கார்களில் அதிகம்கூட. அப்படியானால் ஆக்சிலரேட்டருக்கு வேலையே இல்லை. ஒரே பெடல், பிரேக் மட்டும். மென்பொருளில் ஒரு பிழையைத் தவிர்க்கச் சிறந்த வழி, அந்தப் பிழை வரக்கூடிய பாதையையே எடுத்துவிடுவது. இங்கேயும் அப்படித்தான். மேட்டுப்பாங்கான ரோட்டில் மட்டும் தொட வேண்டியிருக்கும். மின்சாரக் கார்களில் பலவற்றில் ஊர்ந்து போகிற வசதியை அமைப்பில் மாற்ற முடியும். முதல் நாளே பார்த்துவிட வேண்டும்.

பழைய கார் அழகுதான், ஆனால் அதற்கென்று தொந்தரவுகள் உண்டு. எஞ்சினே சுழற்றுகிற மின்விசிறி உள்ள கார்களில், ஊர்ந்து போகும்போது விசிறியும் மெதுவாகச் சுற்றும், ரேடியேட்டருக்குக் காற்று போதாது. ஜூலை வெயிலில் சூடேறி நின்றுவிடும். திரும்பக் கிளப்பும்போது ஒரு குலுக்கு. அமெரிக்காவில் சீட் பெல்ட் கட்டாயமானது 1968 மாடல் கார்களிலிருந்து. அதற்கு முந்தைய காரில் பின்னால் பெல்ட் இல்லாமலே இருக்கலாம். பின்னால் இருந்து காற்று வீசினால் புகை திறந்த காருக்குள்தான் வரும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. மணிக்கணக்காகக் காத்திருக்கும்போது எஞ்சினை அணைத்துவிடுவது நல்லது.

எல்லாவற்றுக்கும் மேலே பிரேக். 2022 நவம்பரில் வட கரோலினா மாநிலம் ராலேயில் கிறிஸ்துமஸ் ஊர்வலத்தில் அலங்கார வண்டியை இழுத்து வந்த ஒரு பிக்கப்பின் பிரேக் பிடிக்கவில்லை. ஓட்டியவர் கத்தினார், ஹாரன் அடித்தார். முன்னால் ஆடிக்கொண்டு போன 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்துபோனாள். பாய்ந்து வந்த வண்டி அல்ல அது. ஊர்வலத்தோடு ஊர்வலமாக வந்த வண்டி.

பாதையும் ஜனமும்

2012 நவம்பரில் டெக்சாஸின் மிட்லண்டில் காயமடைந்த ராணுவ வீரர்களைக் கௌரவிக்க ஓர் ஊர்வலம். நீண்ட டிரெய்லர் ஒன்றில் வீரர்களையும் அவர்கள் மனைவிமார்களையும் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். அது ரயில்வே கிராசிங்கைக் கடக்கும்போது சரக்கு ரயில் மோதி நான்கு வீரர்கள் இறந்தார்கள். போரிலிருந்து உயிரோடு திரும்பியவர்கள். விசாரித்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், ரயில் பாதையைக் கடக்கிற வழியில் உள்ள ஆபத்தை நகர நிர்வாகமும் அமைப்பாளர்களும் அடையாளம் கண்டு தவிர்க்கவில்லை என்பதையே காரணமாகச் சொன்னது.

ஊர்வலத்தில் ஓட்டுகிறவருக்கு ஒரு மயக்கம் வரும். ரோடு மூடியாச்சு, போலீஸ் நிற்கிறது, இன்றைக்கு எல்லாமே நமக்காக நிற்கும் என்று. ரயிலுக்கு அது தெரியாது. ரோட்டோரக் குழந்தைக்கும் தெரியாது. அமெரிக்க ஊர்வலங்களில் வண்டியிலிருந்து மிட்டாய் எறிகிற வழக்கம் உண்டு. எறிந்த மிட்டாய் பாதி ரோட்டிலேயே விழும், குழந்தைகள் சக்கரத்தைப் பார்க்காமல் ஓடிவரும். காரின் மூக்குக்குக் கீழே குனிந்திருக்கிற நாலு வயதுக் குழந்தையை ஓட்டுநர் பார்க்கவே முடியாது. பல ஊர்களில் இப்போது இதைத் தடை செய்துவிட்டார்கள். மிட்டாய் கொடுக்க வேண்டுமென்றால் நடந்து போகிறவர் கையில் கொடுக்கலாம்.

நம்மூர்த் தேரோட்டம் ஞாபகம் வந்தது. ஆயிரம் பேர் வடம் பிடித்தாலும், தேர் எங்கே திரும்பும், எங்கே நிற்கும் என்பது சக்கரத்துக்குப் பக்கத்திலேயே நடந்து முட்டுக்கட்டை போடுகிறவர் கையில். மேலே இருப்பவருக்குச் சக்கரம் தெரியாது, இழுக்கிறவருக்கும் தெரியாது. ஆகவே சக்கரத்தைப் பார்க்க என்றே ஓர் ஆள். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் வைத்துக் கொடுத்த பிறகும் முட்டுக்கட்டைக்கு வேலை போகவில்லை. ஊர்வலக் காருக்கும் அந்த ஆள் வேண்டும் என்பது என் முடிவு.

இந்த வருஷம் என்ன செய்தோம்

முதலாவது, யாரும் மேலே உட்காரவில்லை. எல்லாரும் சீட்டில், பெல்ட்டோடு, சின்னவனுக்கு பூஸ்டர் சீட்டோடு. கமிட்டியில் இதற்கு எதிர்ப்பு இருந்தது. "அப்புறம் எதுக்கு ஓப்பன் கார்? சாரை யாருக்கும் தெரியாதே" என்றார்கள். நியாயமான கேள்வி. காரின் இரண்டு பக்கக் கதவிலும் பெரிய எழுத்தில் அவர் பெயரை ஒட்டினோம். சாரிடம் நானே போய்க் கணக்கைச் சொன்னேன், 21 கி.மீ. கதையை. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "என்னைப் பாக்கணும்னு யாருப்பா வரப்போறா? கை தெரிஞ்சாப் போதும்" என்றார்.

இரண்டாவது, நான் ஆக்சிலரேட்டரைத் தொடவில்லை. பிரேக் மட்டும். போன் கைப்பைக்குள். கையசைக்கிற வேலை பின்னால் இருப்பவர்களுக்கு, எனக்கு அல்ல.

மூன்றாவது, முன் சீட்டில் என் மனைவி, ஜனங்களைப் பார்க்காமல் பின் சீட்டை மட்டும் பார்த்துக்கொண்டு. ஒவ்வொரு முறை நின்று கிளம்பும்போதும் அவள் "ரைட்" சொன்னால்தான் நான் பிரேக்கை விடுவேன். நம்மூர் பஸ் கண்டக்டர் அறுபது பேரை ஏற்றிக்கொண்டு தினமும் செய்கிற அதே ஏற்பாடு. இதில் இன்னொரு நன்மையும் உண்டு. "ரைட்" என்ற சொல் காதில் விழுந்ததும் பின்னால் இருப்பவர்கள் தாமாகவே கொஞ்சம் நிமிர்ந்து பிடித்துக்கொள்கிறார்கள். எதிர்பார்க்காத குலுக்கல்தான் ஆளைத் தள்ளும்.

நான்காவது, காரின் முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொருவர், பின்னால் இருவர் நடந்து வந்தார்கள். கையை உயர்த்தினால் நான் நிற்க வேண்டும், காரணம் கேட்கக் கூடாது. இப்படி இரண்டு தடவை கை உயர்ந்தது. ஒரு தடவை ஒரு பலூன், ஒரு தடவை பலூனுக்குப் பின்னால் ஒரு குழந்தை.

ஐந்தாவது, முந்தின வாரமே ஒரு காலி மைதானத்தில் காரை அரைமணி நேரம் ஊர்ந்து ஓட்டிப் பார்த்தேன். பிரேக் எப்படிப் பிடிக்கிறது, சூடு ஏறுகிறதா என்று. பின் சீட்டில் தண்ணீர் பாட்டில், சாருக்கு ஒரு தொப்பி, ஒரு குடை. ஊர்வலம் தொடங்குவதற்கு முன்னால் முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றோம். அவரை நிழலில் உட்கார வைத்து, கடைசியில்தான் காரில் ஏற்றினோம்.

என் மகள் இந்த வருஷம் காரில் ஏறவில்லை. அவளுக்கு இப்போது பத்து வயது, பேனர் பிடிக்கப் போய்விட்டாள். காருக்குப் பின்னால், போன வருஷம் அவளைப் பிடித்தவருக்குப் பக்கத்தில் நடந்து வந்தாள். கண்ணாடியில் அவ்வப்போது தெரிந்தாள்.

பாதி வழியில் பேண்டு நின்று ஒரு பாட்டு வாசித்தது. பிறகு கிளம்பியது. முன்னால் பெரிய இடைவெளி. மஞ்சள் சட்டைத் தொண்டர் கையைச் சுழற்றினார். பக்கத்திலிருந்து "ரைட்" வந்ததும் பிரேக்கை மெல்ல விட்டேன். கார் அதன் பாட்டுக்கு ஊர்ந்தது. தொண்டருக்குக் கோபம்தான். பின்னால் சார் யாருக்கோ கையசைத்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகியிருக்கும், பேண்டைப் பிடித்துவிட்டோம்.

உங்கள் ஊரில் யாராவது திறந்த காரிலோ ஜீப்பிலோ குழந்தைகளை ஏற்றி ஊர்வலம் போகத் திட்டம் போட்டால், இந்த ஒரு எண்ணை மட்டும் அவர்களிடம் சொல்லுங்கள்: நின்றிருக்கிற காரிலிருந்து விழுந்தாலும் மணிக்கு 21 கிலோமீட்டர். மிச்சத்தை அவர்களே யோசித்துக்கொள்வார்கள்.